நகரத் தலைமைக்கு வர விரும்பும் பெண் தன் பின்னணியைப் பற்றி என்ன எழுத வேண்டும்?

கேள்வி: உதகையிலிருந்து ஒரு சித்தி

அனைவருக்கும் வணக்கம். நான் உதகமண்டலத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். என் அக்காள் மகளுக்கு இப்போது 25 வயது. அடுத்து வரும் நகர்மன்றத் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்பதென்று முடிவு செய்திருக்கிறாள். உறுப்பினராவதோடு நின்றுவிடாமல், ஒரு நாள் நகர்மன்றத் தலைவராகவும் வர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதை அவள் யாரிடமும் ஒளிக்கவில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2022 மார்ச்சில் ஆர். பிரியா அவர்கள் 28 வயதில் சென்னை மாநகராட்சியின் மேயராகப் பொறுப்பேற்றதை நாங்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். திரு.வி.க. நகர்ப் பகுதியின் 74ஆம் வார்டிலிருந்து வந்தவர், வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், சென்னையின் முதல் பட்டியலினப் பெண் மேயர் என்று செய்தி வாசிப்பவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவள் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. இவளும் அப்போது வணிகவியல்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வாக்காளர்களிடம் கொடுப்பதற்காக, தன்னைப் பற்றியும் ஊரைப் பற்றிய தன் நம்பிக்கைகளைப் பற்றியும் ஒரே பக்கத்தில் ஒரு துண்டறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு முறை எழுதிக் காட்டினாள். முதல் வரைவில் 'எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்' என்பதற்கு மேல் அவளைப் பற்றி எதுவும் இல்லை. இரண்டாவது வரைவில் ரோப் கார், பல அடுக்கு வாகன நிறுத்துமிடம், 24 மணி நேரமும் குடிநீர், ஏரியைச் சுத்தம் செய்தல் என்று கனவுகள் மட்டும் நிறைந்திருந்தன. இரண்டையும் படித்தபோது இது என் அக்காள் மகள் எழுதியதுதானா என்றே எனக்குத் தோன்றியது.

அவளுடைய உண்மையான பின்னணியைச் சொல்கிறேன். அவளுடைய அப்பா 1975இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள இரு நாடுகளும் செய்த 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். அப்படித் திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், வளர்ந்து, பிறகு நகரத்துக்கு வந்து வண்டி ஓட்டினார். என் அக்காள் காய்கறி விற்கிறார். அவர்கள் வீடு சாலையிலிருந்து 84 படிகள் கீழே, சரிவில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் முறை வைத்து அதிகாலை 4 மணிக்கு வரும். பத்து வயதிலிருந்து அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தவள் இவள்தான். சனவரியில் உறைபனி விழும் நாட்களில் ஹோஸ் குழாய்க்குள் நின்ற தண்ணீர் குச்சி போல் உறைந்துவிடும். விறகடுப்பில் காய்ந்த வெந்நீரைக் குழாயின் மேல் ஊற்றிக்கொண்டே வந்து, கையால் பிசைந்து பிசைந்து, உள்ளே இருக்கும் பனிக்கட்டியை வெளியே தள்ளுவாள். அதற்குள் அடுத்த தெருவுக்கு முறை மாறிவிடாமல் இருக்க வேண்டுமே என்று என் அக்காள் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

'இதை எழுதேன்' என்றேன். 'இதையெல்லாம் எழுதினால் ஊரைக் குறை சொல்வது போல் ஆகிவிடாதா, சித்தி?' என்று தயங்குகிறாள். பெரிய நகரங்களின் மேயர்கள் தங்கள் பின்னணியைப் பற்றிச் சொல்லும்போது மக்கள் அதில் எதைத் தேடுகிறார்கள்? எங்களைப் போன்ற மலை நகரத்தில், உறுப்பினராகவோ தலைவராகவோ வரக்கூடிய ஒரு பெண் நேர்மையாக எழுதக்கூடிய நம்பிக்கைகள் எவை? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அவளிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

பதில்: ஓய்வு பெற்ற நகராட்சிக் கணக்கர், குன்னூர்

வணக்கம் அம்மா. அந்த 84 படிகளும் 4 மணித் தண்ணீரும் துண்டறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் விரும்பும் நாற்காலிக்கு வேண்டிய அறிவு அதில்தான் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

உங்கள் அக்காள் மகள் சென்னை மேயரைப் பார்த்து ஊக்கம் பெற்றிருக்கிறாள், நல்லது. ஆனால் சென்னை மேயருக்கும் மலை நகரத்தின் தலைவருக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை அவள் அறிந்துகொள்ள வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டுகள். 1688இல் தொடங்கிய, நாட்டிலேயே மிகப் பழைய நகராட்சி அமைப்பு அது. அத்தனை பெரிய மாநகராட்சியின் மேயருடைய கையில் குடிநீரும் கழிவுநீரும் இல்லை. 1978இல் அமைக்கப்பட்ட குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் அவற்றைத் தனியாகப் பார்க்கிறது. நம் ஊர்களில் நிலைமை வேறு. உதகைக்குப் பார்சன்ஸ்வேலியிலிருந்து வரும் தண்ணீரானாலும், குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்து வரும் தண்ணீரானாலும், அதைத் தெருத்தெருவாகப் பிரித்துக் கொடுப்பது நகராட்சியின் பொறுப்பு. எந்தக் குழாயை மாற்றுவது, எந்த மேட்டுக்குத் தனித் தொட்டி கட்டுவது, எந்தப் பகுதிக்கு எந்த நாளில் முறை என்பதெல்லாம் நகர்மன்றத்தின் முன் வரக்கூடிய பொருள்கள். ஆகவே தண்ணீரைப் பொறுத்தவரை, சென்னை மேயரால் நேரடியாகச் செய்ய முடியாத ஒன்றை 36 வார்டுகள் கொண்ட உதகையின் தலைவர் மன்றத்தின் வழியாகச் செய்ய முடியும். உறைந்த குழாயை வெந்நீர் ஊற்றித் திறந்த பெண்ணுக்கு அந்த மன்றத்தில் பேசுவதற்கு மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கும்.

அடுத்தது அதிகாரத்தின் எல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்கவை என்று 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வகுத்திருக்கிறது. குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, சாலை, பூங்கா, சுடுகாடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் நிர்வாகத்தை நடத்துபவர் அரசால் நியமிக்கப்படும் ஆணையர். தலைவர் மன்றத்தைக் கூட்டி நடத்துகிறார், மன்றம் தீர்மானிக்கிறது, ஆணையர் நிறைவேற்றுகிறார். தலைவர் 'நான் செய்வேன்' என்று சொல்லும் ஒவ்வொன்றும் பாதி உறுப்பினர்களுக்கு மேல் கை தூக்கினால்தான் நடக்கும். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, இவற்றோடு அரசு தரும் மானியம் என்பதே வருமானம். ஒரு நம்பிக்கையைத் தாளில் எழுதுவதற்கு முன்னால், அது இவற்றில் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து செலவாகும் என்று அவள் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். வணிகவியல் படித்த பெண் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். ரோப் காருக்கு நகராட்சியில் கணக்குத் தலைப்பு இல்லை. படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி அமைப்பதற்கு உண்டு.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை தமிழகத்தின் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல், தனி அலுவலர்களே நிர்வாகத்தை நடத்தினார்கள். நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகள் அவை. அலுவலர்கள் வேலை செய்யாமல் இருக்கவில்லை, கோப்புகள் நகர்ந்தன. ஆனால் எந்தச் சந்தில் கர்ப்பிணிப் பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டியிருக்கிறது என்பதைக் கோப்பில் எழுதுவதற்கு ஆள் இல்லை. அந்த ஐந்தரை ஆண்டுகளில்தான் உறுப்பினர் என்பவர் எதற்காக இருக்கிறார் என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

அவளால் முடிந்தால், தன் பகுதியில் வால்வு திறக்கும் ஊழியரோடு ஒரு வாரம் அதிகாலையில் நடந்து வரட்டும். தோளில் அந்த நீண்ட இரும்புச் சாவியைச் சுமந்துகொண்டு அவர் எந்த வரிசையில் போகிறார், எந்த இடத்தில் எத்தனை சுற்றுத் திருப்புகிறார், எங்கே அழுத்தம் குறைகிறது என்பது பல நேரங்களில் அவருடைய நினைவில் மட்டுமே இருக்கும். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் அந்த அறிவும் அவரோடு போய்விடும்.

பதில்: முன்னாள் நகர்மன்ற உறுப்பினர், நீலகிரி

சகோதரிக்கு வணக்கம். மேலே ஐயா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் நீலகிரியில் ஒரு நகராட்சியில் உறுப்பினராக இருந்தவள். ஊர்ப் பெயர் வேண்டாம்.

பின்னணியை எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். எழுதிய பின்னணியைப் பதவிக்கு வந்த பிறகு கைவிட்டுவிடாமல் இருப்பது எப்படி என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். நான் வென்று முதல் கூட்டத்துக்குப் போனபோது, எனக்கு ஒரு நாற்காலியும் எனக்குப் பின்னால், சுவரோரமாக, என் கணவருக்கு ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. அப்படித்தான் வழக்கம் என்று செய்தார்கள். ஊழியர்கள் கையெழுத்துக்கு என்னிடம் வருவார்கள், பேச்சுக்கு அவரிடம் போவார்கள். மூன்றாவது கூட்டத்தில், அந்த நாற்காலியை வெளியே எடுத்துப் போடும்படி அலுவலக உதவியாளரிடம் நானே சொன்னேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு என் கணவரே, 'நீ படித்துக்கொண்டு போ, நான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னார். அதன் பிறகுதான் நான் உறுப்பினரானேன் என்று சொல்ல வேண்டும்.

படிப்பது என்று சொன்னது கூட்டப் பொருள்களை. நாற்பது ஐம்பது பொருள்கள் கொண்ட கட்டு கைக்கு வரும், 'ஆட்சேபணை உண்டா?' என்ற குரலோடு அரை மணி நேரத்தில் எல்லாம் நிறைவேறிவிடும். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் என் வார்டின் ஒவ்வொரு சாக்கடையும் தெரியும். ஒரு முறை அந்தக் கட்டில், ஆறு மாதத்துக்கு முன்னால் கட்டி முடித்த அதே வடிகாலுக்கு மறுபடியும் மதிப்பீடு வந்திருந்தது. தெருவின் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். அந்தத் தெருவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். எழுந்து நின்று அதைப் படித்தேன். பொருள் ஒத்திவைக்கப்பட்டது. சொந்த ஊர்க்காரி என்பதால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான். உங்கள் அக்காள் மகளிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, கூலிக்குப் போகிற வீட்டுப் பெண் பதவிக்கு வந்தால் வீட்டுச் செலவு எப்படி நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். நான் இருந்த காலத்தில் கூட்டப் படி மட்டுமே கிடைத்தது. 2023 ஜூலை முதல் நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000 ரூபாயும் உறுப்பினருக்கு 5,000 ரூபாயும் மதிப்பூதியமாக அரசு வழங்குகிறது; மாநகராட்சி மேயருக்கு 30,000. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு நாள் கூட்டத்துக்குப் போனால் அன்றைய பச்சைத் தேயிலைக் கூலி போய்விடுமே என்று நின்றுவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தத் தொகை ஒரு வழி திறந்திருக்கிறது. 2022 தேர்தலுக்குப் பிறகு நீலகிரியின் நான்கு நகராட்சிகளுக்கும் பெண்களே தலைவராக வந்தார்கள் என்பதையும், நெல்லியாளம் நகராட்சியின் தலைவர் பதவி பழங்குடியினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது என்பதையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

பதில்: கொடைக்கானல்வாசி

எங்கள் மலையிலிருந்தும் ஒரு சொல். துண்டறிக்கையின் நம்பிக்கைப் பகுதியில், ஊர் என்பது யாருக்கு என்ற கேள்விக்கு ஒரு தெளிவான விடை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் கொடைக்கானலின் மக்கள்தொகை 36,501. உதகையின் மக்கள்தொகை 88,430. சாலையும் தண்ணீரும் குப்பை வண்டியும் இந்த எண்ணிக்கைக்கே போதாமல் இருக்கும்போது, மே மாதத்தில் இதைப் போலப் பல மடங்கு மக்கள் மேலே வருகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இரண்டு மலைகளுக்கும் இ-பாஸ், அதாவது வாகனங்கள் இணையத்தில் முன்கூட்டியே பெற வேண்டிய அனுமதி, வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். வரம்பு வேண்டும் என்போரும் பிழைப்பு போகிறது என்போரும் எங்கள் தெருவிலேயே எதிரெதிர் வீட்டில் இருக்கிறார்கள். நான் ஒரு சிறிய தங்கும் விடுதியில் வேலை செய்பவன் என்பதால் இரண்டு பக்கத்தின் வலியும் எனக்குத் தெரியும். இந்த வரம்பை வைத்ததும் நகர்மன்றத் தலைவர் இல்லை, எடுக்கக்கூடியவரும் அவர் இல்லை. மலைச்சரிவில் பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுப்பதும் பெரும்பாலும் மன்றத்துக்கு மேலே முடிவாகிறது. இவற்றைத் தன்னால் மாற்ற முடியும் என்று யாராவது துண்டறிக்கையில் எழுதினால், மக்கள் ஒரு சீசன் நம்புவார்கள். அடுத்த சீசனில் கேட்பார்கள்.

ஆனால் வருகிறவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இடையில் தண்ணீரையும் இடத்தையும் நியாயமாகப் பங்கிடுவது பற்றி மன்றத்தில் பேச முடியும். எங்கள் ஊரில் மனோரத்தினம் சோலை நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம், விடுதிகளும் பயன்படுத்துகின்றன. மே மாதத்தில் விடுதிகள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும், வீடுகளால் முடியாது. சீசன் நாட்களில் குடியிருப்புகளுக்கான முறை தவறக் கூடாது என்று மன்றம் தீர்மானிக்கலாம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை, சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் பயன்படாமல் ஊர்ப் பெண்கள் சந்தைக்கு வரும்போதும் பயன்படும்படி அமைக்கலாம். காட்டெருமை ஊருக்குள் வருவதற்கு ஒரு காரணம் திறந்து கிடக்கும் குப்பைத் தொட்டி. இரவில் தொட்டி காலியாக இருக்கும்படி குப்பை எடுக்கும் நேரத்தை மாற்றுவது முழுக்க முழுக்க நகராட்சியின் கையில் இருப்பது. என் அம்மா ஒரு காலையில் கதவைத் திறந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பிளாஸ்டிக் பை தொங்கியது. அன்றிலிருந்து குப்பையைப் பற்றிப் பேசாத வேட்பாளருக்கு அவர் வாக்களிப்பதில்லை.

பதில்: உதகைக்கு அருகே ஒரு ஹட்டியிலிருந்து

நாங்கள் நகராட்சி எல்லைக்கு வெளியே, ஹட்டி என்று சொல்லும் மலைக் கிராமத்தில் இருப்பவர்கள். வாக்கு எங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் அக்காள் மகளின் துண்டறிக்கையில் எங்களுக்கும் ஒரு வரி இருந்தால் மகிழ்வேன்.

நகரம் குடிக்கிற தண்ணீர் நகரத்துக்குள் ஊறுவதில்லை. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை இல்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் அணைகளுக்குத் தண்ணீர் வருகிறது. நகரத்திலிருந்து வெளியேறுகிற கழிவும் எங்கோ ஓரிடத்துக்குப் போய்ச் சேருகிறது. கோடப்பமந்து கால்வாய் ஊருக்கு நடுவே ஓடி ஏரியில் கலக்கிறது. அந்தப் பெயரிலேயே ஒரு மந்து இருக்கிறது, தோடர் குடியிருப்பு. ஒரு காலத்தில் தெளிந்த ஓடையாக இருந்திருக்க வேண்டிய அது, என் நினைவு தெரிந்த நாளிலிருந்து சாக்கடையாகத்தான் இருக்கிறது. 'ஏரியைச் சுத்தம் செய்வோம்' என்று இரண்டாவது வரைவில் எழுதியிருந்ததாகச் சொன்னீர்கள். ஏரியை எத்தனை முறை தூர்வாரினாலும், அதற்குள் வந்து விழுவதை நிறுத்தாமல் பயனில்லை. கால்வாயின் கரையில் எந்தெந்த வீட்டு, எந்தெந்த விடுதிக் குழாய்கள் திறந்து விடப்பட்டிருக்கின்றன என்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து எண்ணிப் பார்ப்பேன் என்று அவள் எழுதட்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

நானும் கேரட் மூட்டையோடு விடியற்காலையில் நகரத்துச் சந்தைக்கு வருகிறவன். மழை நாளில் மூட்டையை இறக்கி வைக்க நனையாத ஓர் இடம் வேண்டும் என்று முப்பது வருடமாகக் கேட்கிறோம். உங்கள் அக்காளுக்கு இது தெரிந்திருக்கும்.

பதில்: ஒரு வாசகர், கோத்தகிரி

ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். பின்னணிக்கு இவ்வளவு இடம் கொடுக்க வேண்டுமா என்று எனக்கு ஐயம் இருக்கிறது. கும்பகோணம் மாநகராட்சியானபோது அதன் முதல் மேயராக ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். திருவனந்தபுரத்தில் 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில், மின் பணியாளர் ஒருவரின் மகளாக, மேயரானார். அந்த நாட்களில் எல்லாப் பத்திரிகைகளும் அவர்களுடைய வீட்டுக்குள் போய்ப் படம் எடுத்தன. அடுத்த ஆண்டு அதே நகரங்களில் குடிநீருக்கும் குப்பைக்கும் என்ன ஆயிற்று என்று எழுதுவதற்கு அந்த அளவு ஆர்வம் இருக்கவில்லை. எளிய வீட்டிலிருந்து வந்தவர் என்பதைக் கொண்டாடிவிட்டு, அவர் செய்த வேலையைப் பார்க்காமல் விடுவது அவருக்கும் நாம் செய்கிற அநீதிதான். உங்கள் அக்காள் மகள் தன் வறுமையை எழுத வேண்டாம். தனக்குத் தெரிந்ததை எழுதட்டும். 4 மணித் தண்ணீர் வறுமையைப் பற்றிய செய்தி இல்லை, தண்ணீர் வழங்கலைப் பற்றிய செய்தி; அந்த வகையில் அதை எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி கேட்டவர், மீண்டும்

எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொரு பதிலையும் அவளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். கோத்தகிரி வாசகர் சொன்னதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'குறை சொல்வது போல் ஆகிவிடுமோ என்று நான் பயந்ததற்குக் காரணம், அதை என் கஷ்டமாகவே நினைத்துக்கொண்டிருந்ததுதான், சித்தி' என்றாள். அன்றிரவே புதிதாக எழுதத் தொடங்கினாள். முதல் பகுதியை இங்கே கொடுக்கிறேன்:

'எங்கள் வீடு சாலையிலிருந்து 84 படிகள் கீழே இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக அதிகாலையில் குழாயடியில் நின்றிருக்கிறேன். எந்தக் குழாய்க்கு முதலில் தண்ணீர் வரும், எந்தக் குழாய்க்குக் கடைசியில் வரும், எந்த மேட்டில் வராமலே போகும் என்பது எனக்குத் தெரியும். என் அப்பா ஒன்பது வயதில் கடல் கடந்து இந்த மலைக்கு வந்தார். அவருக்கு இது வந்து சேர்ந்த ஊர், எனக்கு இது பிறந்த ஊர். இங்கேயே இருந்து இந்த ஊருக்கு வேலை செய்ய விரும்புகிறேன். நான் உறுப்பினரானால் நம் வார்டின் குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்ப்பேன். படிக்கட்டுகளுக்குக் கைப்பிடியும் விளக்கும் கேட்டு முதல் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவருவேன். கூட்டப் பொருள்களை முன்கூட்டியே குழாயடியில் வந்து உங்களுக்குப் படித்துக் காட்டுவேன். சந்தைக்கு மூட்டையோடு வருபவர்களுக்கு மழையில் நனையாத ஓர் இடத்துக்காக மன்றத்தில் பேசுவேன்.'

வாகன நிறுத்துமிடத்தையும் ரோப் காரையும் எடுத்துவிட்டாள். கால்வாய்க்கரையில் நடந்து எண்ணுவதைத் தேர்தலுக்கு முன்பே செய்துவிடலாம் என்று தோழிகள் மூவரைச் சேர்த்திருக்கிறாள்.

பதில்: ஓய்வு பெற்ற நகராட்சிக் கணக்கர், குன்னூர்

அம்மா, மிகவும் நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தங்கள் மட்டும். 'குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்ப்பேன்' என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஓர் உறுப்பினரால் அது முடியாது, தலைவரானாலும் ஐந்து ஆண்டில் முடியும் என்று உறுதி சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, 'எந்தக் குழாய்க்கு எந்த நாளில், எத்தனை மணிக்குத் தண்ணீர் என்ற முறைப்பட்டியலை ஒவ்வொரு குழாயடியிலும் எழுதி வைக்கச் செய்வேன்' என்று எழுதட்டும். இதற்குச் செலவு அதிகம் இல்லை. மன்றத்தில் யாரும் எதிர்க்கவும் மாட்டார்கள். பட்டியல் சுவரில் இருந்தால் முறை தவறும் நாளும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு புதிய குழாய் கேட்டுத் தீர்மானம் கொண்டுவரும்போது அவள் கையில் கணக்கு இருக்கும்.

இரண்டாவது, 84 என்று அச்சில் போடுவதற்கு முன்னால் ஒரு முறை எண்ணிச் சரிபார்த்துவிடச் சொல்லுங்கள். கைப்பிடிக்கான மதிப்பீட்டுக்கு அந்த எண்ணிக்கையைத்தான் பொறியாளர் முதலில் கேட்பார்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நேற்று மாலை நாங்கள் இருவரும் இறங்கி எண்ணினோம். 86 இருக்கிறது. கடைசி இரண்டு படிகள் மண்ணில் மூடிக் கிடந்தன. மண்வெட்டியால் விலக்கிய பிறகுதான் தெரிந்தது. தாளில் திருத்திவிட்டாள். முறைப்பட்டியல் வரியையும் சேர்த்துவிட்டாள்.